தாம்பாளத்தில் வந்த பூட்டு

பளபளவென்று மஞ்சளாக மின்னும், திருகித் திறக்கிற உருண்டைப் பூட்டை ஒரு கதவில் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். டாக்டர் வீடானாலும் சரி, கல்யாண மண்டபமானாலும் சரி. என் முகம் மாறுவதைப் பார்த்துக் கூட வருகிறவர்கள் என்ன என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்பேன். இத்தனை வருஷமாக ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொல்லியாயிற்று. போதும்.

நாங்கள் அஸ்தினாபுரத்தில் வீடு கட்டியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். மனை நீளம், ஆனால் குறுகல். இரண்டு பக்கமும் அடுத்தவர் வீட்டுச் சுவர். பட்டப்பகலிலேயே நடு அறைகளில் விளக்குப் போட்டால்தான் ஆள் தெரியும். உள் கதவுகளுக்கெல்லாம் கண்ணாடி போட்டால் வாசல் வெளிச்சம் அடுப்படிவரை வரும் என்று மேஸ்திரி சொன்னார். அப்படித்தான் தேக்குச் சட்டம் போட்டு நடுவில் கண்ணாடி பதித்த நான்கு கதவுகள் வந்தன. அதில் ஒன்று என் மாமியாரின் அறைக்கு. நான் சொல்லப்போவது அந்த ஒரு கதவைப் பற்றித்தான்.

மாமியாருக்கு அதற்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். வலது கையில் தடி. வாய்க்கு மட்டும் எந்தக் குறையும் வரவில்லை. தடியை விட்டால் அவரால் நிற்க முடியாது. விடாவிட்டால் கதவைத் திறக்க வேறு கை கிடையாது. சரி, கதவைத் திறந்தே போட்டு வைக்கலாமே என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். கொசு வருமாம், பூனை வருமாம், தெருப் புழுதி வருமாம். அறைக்குள்ளேயே கழிப்பறை வைத்துவிடலாம் என்று என் கணவர் சொன்னதற்கு, "படுக்கற எடத்துலயா? தூ! நாங்க இன்னா மாடா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். ஆகக் கழிப்பறை பின்கட்டுக்குப் போனது. அங்கே போக வேண்டுமென்றால் அவர் இந்தக் கதவைத் தாண்டியாக வேண்டும்.

நான் இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்தது மாமியார் மேல் இருந்த பாசத்தால் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்குள் பெரிய பாசமும் கிடையாது, பெரிய பகையும் கிடையாது. நான் வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். மிஷினை விட்டு நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து ஓடினால் தையல் கோணிப் போகும். அப்புறம் அந்த ரவிக்கைக்காரி நடு வாசலில் நின்று கத்துவாள். மாமியார் அவர் பாட்டுக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்து போனால் அவருக்கும் கௌரவம், எனக்கும் வேலை ஓடும். இதில் தப்பு என்ன இருக்கிறது?

எங்கள் தச்சர் நல்ல வேலைக்காரர். பேச்சுதான் கம்மி. கண்ணாடிக் கதவுக்குச் சட்டம் ஒல்லியாக இருக்கும், அகலத் தகடு வைத்த கைப்பிடி அதில் உட்காராது, உருண்டைப் பூட்டுப் போட்டால் திருகும்போது விரல் முட்டி கதவு நிலையில் உரசும் என்றெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். தாழே இல்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்டேன். "காத்துல அடிச்சிக்கும்மா. ஒரு ஆடி தாங்காது, கண்ணாடி தூளாயிடும்" என்றார். ஆக எனக்கு வேண்டியது ஒல்லித் தகடு, நீளமான கைப்பிடி. கீழே அழுத்தினால் தாழ் விட வேண்டும், கையை எடுத்தால் தானாக மேலே வர வேண்டும்.

இதைத் தேடித் தாம்பரத்தில் நான் ஏறி இறங்காத ஹார்டுவேர்ஸ் கடை இல்லை. கடைகளில் கைப்பிடிகளை ஒரு பலகையில் வரிசையாகத் திருகி மாட்டி வைத்திருப்பார்கள். நான் இடது கையைத் தொங்கப் போட்டுக்கொள்வேன். வலது கையில் குடையைத் தடி மாதிரி ஊன்றிக்கொள்வேன். குடையை விடாமல் முழங்கையால் ஒவ்வொரு கைப்பிடியாக அழுத்திப் பார்ப்பேன். கடைக்காரர்களுக்கு வேடிக்கை. ஒருவன் கேட்டான்:

"இன்னாக்கா, கைல அடியா?"

"எனக்கில்லப்பா. எங்க மாமியாருக்கு."

"மாமியாருக்கா இம்மாம் ரோதனை!" என்று சொல்லி அவன் பக்கத்துக் கடைக்காரனையும் கூப்பிட்டுக் காட்டினான். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். இன்னொரு கடை முதலாளி கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, "இதெல்லாம் ஜென்ட்ஸ் வந்து வாங்கற ஐட்டம்மா. சார அனுப்புங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். "சார் வந்தா எது மின்னுதுன்னு பாத்து வாங்கிட்டுப் போயிடுவாரு. கதவத் தொறக்கப் போறது சார் இல்ல" என்றேன். அவர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு கணக்கு நோட்டைப் புரட்டினார்.

சில கைப்பிடிகளுக்கு ஸ்பிரிங் அவ்வளவு முரடு, எனக்கே முழங்கை வலித்தது. சிலவற்றின் முனை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. முந்தானை மாட்டினால் கிழவி அப்படியே குப்புற விழ வேண்டியதுதான். மூன்றாம் நாள் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. வெள்ளை ஸ்டீல், பூ வேலை எதுவும் கிடையாது, முனை மட்டும் கதவுப் பக்கமாக மடங்கியிருந்தது. முழங்கையை வைத்தேன், வெண்ணெய் மாதிரி இறங்கியது. நான்கு கதவுக்கும் அதையே வாங்கினேன். மாமியார் கதவில் மட்டும் அவர் முழங்கை எட்டும் உயரத்துக்குக் கொஞ்சம் தாழ்த்தி மாட்டச் சொன்னேன்.

மாட்டியதும் மாமியாரை ஆட்டோவில் கூட்டிவந்து காட்டினோம். தடியை ஊன்றியபடியே வந்தார், முழங்கையால் அழுத்தினார், கதவு திறந்தது. உள்ளே போனார், முழங்கையால் அழுத்தி இழுத்து வெளியே வந்தார். என்னைப் பார்த்து, "ம்... பரவால்ல" என்றார். அவர் வாயில் பரவாயில்லை என்பது பெரிய பட்டம். எனக்கு மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தாய்மாமன் சீர் வந்தது. தாய்மாமன் என்றால் என் கணவருக்கு. மாமியாரின் ஒரே தம்பி. அவர்கள் பீர்க்கன்கரணைப் பக்கத்து ஆட்கள், பரம்பரையாகப் பயிர் வைத்தவர்கள். அப்பா செத்ததும் தம்பி நீட்டின காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, ஏரிப் பக்கத்து நிலத்தில் தன் பங்கே வேண்டாம் என்று வந்தவர் என் மாமியார். மாமா அந்த நிலத்தை மனை போட்டு விற்றார். கடை வைத்தார், கார் வாங்கினார். ஏன் அத்தை விட்டுக்கொடுத்தீர்கள் என்று நான் ஒருதரம் கேட்டதற்கு, "நெலத்த வாங்கிகினா பொறந்த வூடு அத்தோட சரிம்மே. நல்லது கெட்டதுக்குச் சீரு வராது" என்றார். நிலத்துக்குப் பதில் சீர். அப்படி ஒரு கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களோ.

மேளத்தோடு பதினோரு தாம்பாளம் வந்தது. பழம், பூ, வெற்றிலை பாக்கு, பட்டுப்புடவை, வேட்டி. நடுத் தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் பூவும் சுற்றி, ஒரு பெட்டி. மாமாவே அதைத் திறந்து காட்டினார். உள்ளே தங்கக் கலரில் நான்கு உருண்டைப் பூட்டுகள், ஒவ்வொன்றும் கண்ணாடிப் பேப்பர் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு.

"ஃபாரின் சாமான். மெட்ராஸ்ல ஒரு வூட்ல கிடையாது" என்றார் மாமா.

பெண்கள் எல்லாரும் ஆ என்றார்கள். என் மாமியாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெட்டியை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமா நிமிர்ந்து கதவைப் பார்த்தார்.

"இன்னாடா மாப்ள இது? ஆஸ்பத்திரி கதவு மாரி கீது. கழட்டு, கழட்டு. நாளைக்கு ஜனம் வர்றப்ப நம்ம சீரு இன்னா பொட்டிக்குள்ளயா இருக்கும்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "மாமா, அத்தையால இதத் திருக முடியாது. ஒரு கைல தடி இருக்கு, இன்னொரு கை வராது. இந்த நீளக் கைப்பிடின்னா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் முடிக்க விடவில்லை. "எங்க அக்கா ஏம்மா கதவத் தொறக்கணும்? ராணி மாரி குந்திகினு ஒரு கொரலு குடுத்தா நீங்கள்லாம் ஓடியாந்து தொறக்க மாட்டீங்க?" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது என் மாமியார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் மன்னிக்கவில்லை.

என் கணவர் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். "சீர்ல வந்ததை வேணாம்னு சொன்னா என்ன அர்த்தம் தெரியுமா? ஒரு நாள் கூத்து. விசேஷம் முடியட்டும், கழட்டிட்டு உன்னோடதை மாட்டிடலாம்." நான் தேங்காயை உடைத்தேன். அந்தத் தேங்காய்க்கு மட்டும் வாயிருந்தால் அன்றைக்கு அழுதிருக்கும். தச்சரைக் கூப்பிட்டனுப்பினார்கள். என் கைப்பிடிகளைக் கழற்றி, அந்த நல்ல தேக்குச் சட்டத்தில் கைமுஷ்டி அளவுக்குப் பொத்தல் போட்டு, உருண்டைகளைப் பொருத்தினார். போட்டு முடித்த கோலத்தின் மேல் மரத்தூள் கொட்டியது. தச்சர் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விசேஷம் முடிந்தது. நாற்பத்தெட்டு நாள் முடிந்தது. பொங்கல் வந்து போனது, சித்திரையும் பிறந்தது. உருண்டைகள் அப்படியே இருந்தன. பிளாஸ்டிக் உறையைக்கூட உரிக்கக்கூடாது, உரித்தால் கறுத்துவிடும் என்று மாமா சொல்லிவிட்டுப் போயிருந்தார்; அதை மாமியார் சட்டமாகப் பிடித்துக்கொண்டார். வேர்த்த கையில் அந்த உறை வழுக்கும். இரண்டு கையும் நன்றாக இருக்கிற எனக்கே மாவுக் கையோடு போனால் திருக வராது.

"இந்தாம்மே! கதவு!"

விடிந்ததும் இந்தக் குரல்தான். பல் விளக்க ஒருதரம், பின்கட்டுக்கு ஒருதரம், திரும்பி வந்ததும் உள்ளே விட ஒருதரம், காய்காரி வந்தால் ஒருதரம். நான் வர ஒரு நிமிஷம் தாமதமானால் தடியால் கண்ணாடியில் டொக் டொக்கென்று தட்டுவார். மிஷினில் இருந்தபடியே கண்ணாடிக்குள் அவர் நிற்பது எனக்குத் தெரியும். நான் பார்ப்பது அவருக்கும் தெரியும். கண்ணாடிக் கதவு போட்டதில் கண்ட சுகம் இதுதான்.

கணவரிடம் சண்டை போட்டேன். "பெத்த தாயை ரூம்ல போட்டு அடைச்சு வெச்சிருக்கீங்க. வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். "அம்மாவே ஒண்ணும் சொல்லல. உனக்கு ஏன் குடைச்சல்? நீ எழுந்து போய்த் திறக்க சோம்பேறித்தனம்" என்றார். சோம்பேறித்தனம்! காலை ஐந்து மணியிலிருந்து நின்றுகொண்டிருக்கிற என்னைப் பார்த்து. அவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு இந்தக் கதவைத் திறந்து மூடியிருந்தால் மறுநாளே தச்சர் வந்திருப்பார்.

மாமியாரிடம் தன்மையாகத்தான் போனேன். "மத்த மூணு கதவுல இருக்கட்டும் அத்தை. உங்க கதவுக்கு மட்டும் மாத்திடலாம்."

"அவன் யாருக்குக் குடுத்தான்? எனக்குக் குடுத்தான். என் கதவுல இல்லாம எவ கதவுல இருக்கணும்? என் தம்பி சீரக் கழட்டினா நான் இந்த வூட்ல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன், பாத்துக்க."

இதற்கு மேல் என்ன பேச? எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டேன். விட்டதும் என் தப்புதான்.

ஆடி மாசம். லைனிங் துணியும் கொக்கியும் வாங்கத் தாம்பரம் போக வேண்டியிருந்தது. கணவர் ஆபீசில், மகள் பள்ளிக்கூடத்தில். இப்படி வெளியே போகிற நாளில் மட்டும் மாமியாரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, பழைய பேப்பரை மடித்துக் கதவுக்கு அடியில் செருகித் திறந்து வைத்துவிட்டுப் போவேன். அன்றும் செருகினேன். ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லித் தெருக் கதவைப் பூட்டிக்கொண்டு போனேன். கடையில் கூட்டம். திரும்பி வர பஸ்ஸும் வரவில்லை. அஸ்தினாபுரம் வந்து சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டி வெகு நேரமாகியிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்றம் அடித்தது. காற்றில் பேப்பர் நழுவிக் கூடத்துக்கு வந்து கிடந்தது. கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன், உச்சந்தலை மட்டும் தெரிந்தது. தரையில் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. அவர் மேல் இடிக்காமல் அங்குலம் அங்குலமாகத் தள்ளித்தான் நான் உள்ளே போனேன்.

அவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திருகிப் பார்த்திருக்கிறார். வழுக்கியிருக்கிறது. உறையை நகத்தால் பிறாண்டிக் கிழித்திருக்கிறார், பாதி உறை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. தடி சரிந்து விழுந்திருக்கிறது. கதவைப் பிடித்தபடியே வழுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தவரால் அப்புறம் எழ முடியவில்லை. எவ்வளவு நேரம் கத்தினாரோ. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர், யாருக்குக் கேட்கும்? அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் புடவையிலேயே எல்லாம் போய்விட்டிருந்தது. ஒன்றுக்கு மட்டும் அல்ல.

திட்டப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னை ஏறெடுத்துப் பார்க்கவும் இல்லை. பின்கட்டுக்குத் தாங்கிக்கொண்டு போய் வெந்நீர் ஊற்றினேன், புடவையை அலசினேன், அறையைப் பினாயில் போட்டுக் கழுவினேன். ஊருக்கெல்லாம் நாட்டாமை பண்ணின பொம்பிளை, குழந்தை மாதிரி கையைத் தூக்கு என்றால் தூக்கினார், திரும்பு என்றால் திரும்பினார். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால், எல்லார் மேலும்தான். பஸ் பிடிக்கத் தெரியாத என் மேலும்.

வேறு புடவை கட்டிவிட்டு உட்கார வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார். "யாருக்கும் தெரியக்கூடாதும்மே. எம்புள்ளைக்குத் தெரியக்கூடாது. என் தம்பிக்குத் தெரியவே கூடாது. அவன் சீரால இப்டி ஆச்சுன்னு தெரிஞ்சா அவன் மனசு தாங்காது."

"அவர் மனசா? நாலு மணி நேரமா இதுல கிடந்தது நீங்க. அவர் மனசைப் பத்திக் கவலைப்படறீங்களே!" என்று கத்திவிட்டேன்.

"உம் பொண்ணு மேல சத்தியம் பண்ணு" என்றார்.

பண்ணினேன். என் மகள் தலை மேல் அடித்துச் சத்தியம். அந்த மகளுக்கே இப்போது ஒரு மகள் இருக்கிறாள். போன மாசம் என் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி, எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதும்மா. எனக்கு ஒண்ணும் ஆகாது. எழுதலன்னா உனக்குத்தான் ஏதாவது ஆகும்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் காலை கணவர் ஆபீசுக்குக் கிளம்பியதும் நானே போய்த் தச்சரைக் கூட்டிவந்தேன். பரணிலிருந்த என் பழைய கைப்பிடிகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "பொத்தல் பெருசும்மா. இந்தத் தகடு மூடாது" என்றார். "என்ன பண்ணுவீங்களோ தெரியாது, இன்னிக்கு மாட்டியாகணும்" என்றேன். தேக்குத் துண்டைச் சீவிப் பொத்தலை அடைத்து, பசை காயும்வரை காத்திருந்து, அதன் மேல் தகட்டை வைத்துத் திருகினார். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. தச்சர் போனதும் எழுந்தார். முழங்கையால் அழுத்தினார். கூடத்துக்கு வந்தார், திரும்பிப் போனார், மறுபடி வந்தார். நான் மிஷினை ஓட்டிக்கொண்டு பார்க்காத மாதிரி இருந்தேன்.

சாயங்காலம் கணவர் பார்த்துவிட்டு, "கழட்டிட்டியா?" என்றார். "கழட்டிட்டேன்" என்றேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கால் கழுவப் போனார்.

அதற்குப் பிறகு "இந்தாம்மே! கதவு!" என்ற குரல் வீட்டில் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குப் பின்கட்டுக்குப் போவார். அவர் பாட்டுக்குத் தெரு கேட் அருகே கிடக்கும் நாற்காலியில் உட்கார்ந்து காய்காரியோடு பேரம் பேசுவார். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள், "ஆயா நல்லா தேறிட்டாங்களே, எந்த டாக்டரு?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆவணியில் மாமா பெண்ணுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்திரிகை வைக்க வந்தார். வெற்றிலை பாக்கு, பழம், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகையோடு தாம்பாளத்தை டீப்பாயில் வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். தம்பி குரல் கேட்டதும் மாமியார் அறைக்குள்ளிருந்து வந்தார். அவர் வந்ததை மாமா கண்ணால் பார்த்தார். கைப்பிடி இறங்கியது, கதவு திறந்தது, தடியை விடாமல் அக்கா நடந்து வந்தாள். யாரும் ஓடிப்போய்த் திறக்கவில்லை. அதைப் பார்த்த மனுஷன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று ஒரு கணம் நான் நினைத்தேன். பைத்தியக்காரி.

"என் சீரு எங்க?" என்றார்.

மாமா எழுந்து மற்ற மூன்று கதவையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார். "எல்லாத்துலயும் கீது. எங்க அக்கா கதவுல மட்டும் இல்ல. யாரு கழட்டனது?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்தாண்டா கழட்டச் சொன்னேன், எனக்குத் திருக வரல. அவ்வளவுதான். நடந்ததைச் சொல்ல வேண்டாம், பினாயிலைச் சொல்ல வேண்டாம், எதுவும் வேண்டாம். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கழட்ட வேணாம்னுதாண்டா சொன்னேன் தம்பி. இந்த வூட்ல என் பேச்ச யாரு கேக்கறாங்க?"

மாமா என்னவெல்லாமோ பேசினார். பிறந்த வீட்டைக் கதவிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டேனாம். எங்கிருந்தோ வந்தவளுக்கு இவ்வளவு திமிராம். அந்த ஒரு வரி என் நாக்கு நுனிவரை வந்தது. உங்க அக்கா உங்க சீருக்குப் பின்னால எந்தக் கோலத்துல கிடந்தாங்க தெரியுமா? சொல்லியிருந்தால் அந்த ஆள் அன்றைக்கே சுருண்டிருப்பார். உள்ளே என் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தலை தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா தாம்பாளத்திலிருந்து பத்திரிகையை மட்டும் எடுத்து அக்காவின் மடியில் வைத்தார். எங்களுக்குப் பாக்கு வைத்து அழைக்கவில்லை. "இனிமே இந்த வூட்டுப் படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார். கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் என் கணவர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு இப்ப திருப்திதானே?" என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"அத்தை," என்றேன், "ஏன் அத்தை?"

அவர் பத்திரிகையை இடுப்பில் செருகிக்கொண்டார். தடியை ஊன்றி எழுந்தார். மெதுவாக நடந்து போய் முழங்கையால் கைப்பிடியை அழுத்தினார். கதவு திறந்தது. உள்ளே போய், யாருடைய உதவியும் இல்லாமல், என் முகத்துக்கு நேரே அதைச் சாத்திக்கொண்டார்.